கைக்குழந்தைகளையும் நடைபழகும் குழந்தைகளையும் நன்றாகப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பெரியவர்களை ஓரளவு நன்றாகவே படம் எடுக்க வருகிறது. ஆனால் கைக்குழந்தையோ, இப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தையோ முன்னால் வந்துவிட்டால் எல்லாம் குளறுபடியாகிவிடுகிறது. பாதிப் படங்கள் மங்கல். மீதியில் குழந்தை வேறெங்கோ பார்க்கிறது. நல்ல சிரிப்பு விழுந்த படத்தில் முகம் இருட்டு. இதில் தேறுவது எப்படி, இதற்கென்று புது லென்ஸ் வாங்க வேண்டுமா?

பெரியவர்களை எடுக்கும்போது பாதி வேலையை அவர்களே செய்துவிடுகிறார்கள். ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னால் திரும்புவார்கள். நீங்கள் கேமராவில் எதையாவது திருகிக்கொண்டிருக்கும் வரை பொறுமையாக அப்படியே இருப்பார்கள். சின்னக் குழந்தையிடம் இது எதுவும் நடக்காது. அதன் முகத்தில் ஒரு நல்ல பாவம் வந்து போக ஒரு விநாடிகூட ஆகாது. அந்த நேரத்தில் ஷட்டரை அழுத்துவதைத் தவிர உங்களுக்கு வேறு எந்த வேலையும் மிச்சம் இருக்கக் கூடாது. ஒளி, இடம், பின்னணி, கேமராவின் அமைப்பு எல்லாமே குழந்தை வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வந்தபிறகு கவனம் முழுக்க அதன் முகத்தில் இருக்க வேண்டும். இந்த வேலையில் தேறுவது என்பது பெரும்பாலும் இதைப் பழகுவதுதான்.

ஒளியில் தொடங்கலாம், ஏனென்றால் மிகச் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது அதுதான். வீட்டுக்குள் எடுப்பதென்றால் நேர் வெயில் விழாத ஒரு பெரிய ஜன்னல் போதும். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிவிடுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிறவெப்பம் (ஒளி நீலம் பக்கமா மஞ்சள் பக்கமா என்று காட்டும் அளவு) சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்புக்கு 2700 முதல் 3000 வரை. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம் பாய்ந்தும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் இருக்கும். ஒயிட் பேலன்ஸை (கேமராவில் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று சரியாகும், இன்னொன்று கெடும்.

குழந்தை முகத்தில் எலும்பின் எடுப்பு கிடையாது. மூக்கு சின்னது, கன்னம் உருண்டை. நேர் எதிரிலிருந்து ஒளி விழுந்தால் முகம் தட்டையாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில், சுமார் 45 டிகிரியில் இருந்தால் கன்னத்தின் உருட்சி தெரியும், கண்ணுக்குள் ஜன்னலின் சின்னப் பிரதிபலிப்பும் விழும். அந்தப் பொட்டு வெளிச்சம் இல்லாத கண் படத்தில் உயிரில்லாமல் இருக்கும், குறிப்பாகக் கருவிழி அடர்ந்த குழந்தைகளுக்கு. நிழல் பக்கம் ரொம்ப இருட்டாகிவிட்டால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் துணியையோ தெர்மாகோல் அட்டையையோ நிறுத்துங்கள்.

ஒளியின் திசை அதிகம் தவறிப்போவது படுத்திருக்கும் குழந்தைக்குத்தான். கால் பக்கம் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் தாடைக்கு அடியிலிருந்து மேலே ஏறும். மூக்குத் துளைகள் பளிச்சென்று தெரியும், நெற்றி இருண்டுபோகும். எவ்வளவு அழகான குழந்தையும் அந்த வெளிச்சத்தில் விகாரமாகத்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க மூக்கின் நிழலைப் பாருங்கள். அது உதட்டுப் பக்கமோ கன்னத்துப் பக்கமோ விழுந்தால் சரி. புருவத்தை நோக்கி ஏறினால், படுத்திருக்கும் விரிப்போடு சேர்த்துக் குழந்தையை மெதுவாகத் திருப்பிவிடுங்கள், தலை ஜன்னலுக்குக் கிட்டே வரட்டும். குழந்தை வருவதற்கு முன்பு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து இதைப் பழகிக்கொள்ளலாம். பொம்மை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, ஒவ்வொரு கோணத்திலும் நிழல் எங்கே போகிறது என்று பார்த்தால் ஒரே மதியத்தில் இது பிடிபட்டுவிடும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. குழந்தையின் தோல் பக்கத்தில் இருக்கும் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பச்சை விரிப்பில் படுத்த குழந்தையின் தாடைக்கு அடியில் பச்சை தெரியும். நீங்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிட்டே குனிந்தால் உங்கள் சட்டையின் சிவப்பு அதன் கன்னத்தில் இருக்கும். விரிப்பும் உங்கள் உடையும் வெள்ளை, சாம்பல், வெளிர் நிறங்களில் இருந்தால் பிற்பாடு நிறம் திருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

முகம் இருட்டாகிறது என்றீர்கள் அல்லவா? குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தீர்களா என்று பாருங்கள். படத்தில் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று தப்பாகக் கணக்குப் போட்டு மொத்தத்தையும் மங்கவைத்துவிடும், கூடவே முகமும் இருளும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 வைத்துப் பாருங்கள். அடர்நிற உடை, அடர்நிறப் பின்னணி என்றால் இதற்கு நேர்மாறு, முகம் வெளுத்துப்போகும். அங்கே கொஞ்சம் கழிக்க வேண்டும்.

ஃபிளாஷைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். சாதாரணக் கேமரா ஃபிளாஷ் குழந்தையின் கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் திடுக்கிட வைக்கும், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும், நேராக அடித்தால் படமும் தட்டையாகத்தான் வரும். வேறு வழியே இல்லையென்றால் மேற்கூரை வெள்ளையாக இருக்கும்போது அதில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது வழக்கம். ஒரு கண் மட்டும் படத்துக்குப் படம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால் தாமதிக்காமல் பெற்றோரிடம் சொல்லி கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ஃபிளாஷ் பட்ட கோணத்தால் வந்ததாக இருக்கும். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயும், பிறவியிலேயே வரும் கண்புரையும் இப்படி வெளிப்படுவது உண்டு. அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

இனி கேமரா அமைப்பு. இதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியவை சில எண்கள்தான். தூங்கும் குழந்தைக்கு ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/125 விநாடி போதும். விழித்துப் படுத்துக் கைகால் ஆட்டும் குழந்தைக்கு 1/250. தவழ்ந்தால் 1/500. ஓடினால் 1/1000. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவு) 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் படத்தைப் பிற்பாடு ஓரளவு சரிசெய்யலாம், அசைந்து மங்கிய கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதியவே பல விநாடிகள் ஆயின. அதுவரை குழந்தை அசையாமல் இருக்க, அம்மா தலையிலிருந்து கால்வரை ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, நாற்காலியோ திரையோ போலத் தன்னை மறைத்துக்கொண்டு குழந்தையை மடியில் பிடித்துக்கொள்வார். அப்படி எடுத்த படங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. குழந்தை அசையும் என்பது அன்றைக்கும் இதே தலைவலிதான். இன்று நமக்கு ஷட்டர் வேகம் இருக்கிறது. அதைக் கஞ்சத்தனம் இல்லாமல் பயன்படுத்த வேண்டும்.

அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) விஷயத்தில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. எஃப் 1.8 இருக்கும் லென்ஸை எஃப் 1.8-லேயே வைத்து எடுப்பார்கள். முழு ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் வகை) 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. 85 மி.மீ. லென்ஸ் என்றால் அது ஒன்றரை செ.மீ. இமையில் ஃபோகஸ் விழுந்தால் மூக்கு நுனி மங்கும். அதற்குள் குழந்தை ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்தால் கண்ணும் போயிற்று. அதே 50 மி.மீ. லென்ஸில் எஃப் 4 வைத்தால் கிட்டத்தட்ட 10 செ.மீ. கிடைக்கும். தூங்கும் குழந்தையின் விரல்களை மட்டும் காட்ட எஃப் 1.8 அழகு. அசையும் முகத்துக்கு எஃப் 2.8 முதல் எஃப் 4 வரை வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி மங்க வேண்டுமென்றால் குழந்தையைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தாலே நிறைய மங்கிவிடும்.

ஃபோகஸ் தொடர்முறையில் இருக்கட்டும், குழந்தை நகர்ந்தாலும் ஃபோகஸ் கூடவே நகரும். சோனியிலும் நிக்கானிலும் ஏஎஃப்-சி என்று இருக்கும், கேனனில் செர்வோ என்று இருக்கும். கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பர்ஸ்டை (ஒரே அழுத்தில் தொடர்ந்து பல படம் எடுக்கும் முறை) எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லை. சிரிப்பு ஆரம்பிக்கும்போது தொடங்கி அது அடங்கும்வரை ஒரு சின்னத் தொடராக எடுங்கள்.

செல்பேசியில் எடுப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். கூடுதலாக மூன்று: லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் அது எப்போதும் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் செல்பேசியை நீட்டாதீர்கள். முகத்தின் வடிவம் தூரத்தைப் பொறுத்தது. கிட்டே போனால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காதுகள் பின்னால் ஒடுங்கும். இரண்டு அடி பின்னால் போய் 2எக்ஸ் வைத்து எடுங்கள்.

உயரம் அடுத்தது. தரையில் படுங்கள். நிஜமாகவே வயிற்றில் படுத்து, கேமராவைக் குழந்தையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றுகொண்டே எடுத்தால் எல்லாப் படத்திலும் பெரிய தலை, சின்னக் கால்கள், பின்னணியில் தரை. பத்து நிமிடம் தரையில் கிடந்தால் குழந்தையும் உங்களை வேடிக்கைப் பொருளாக ஏற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் கருவி சம்பந்தப்பட்டது, ஒரு மாதத்தில் கைவந்துவிடும். குழந்தையை வாசிக்கத் தெரிவதுதான் உண்மையான திறமை, அதற்குத்தான் நாளாகும். அந்தந்த வயதில் ஒரு குழந்தை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால் கிடைக்காததைத் தேடி நேரத்தை வீணாக்க மாட்டீர்கள்.

பிறந்து முதல் இரண்டு வாரங்களில் குழந்தை பெரும்பாலும் தூங்கும், உடம்பைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். சுருண்ட தூக்கப் படங்களுக்கு அதுதான் காலம். தூங்க ஆரம்பித்ததும் அவசரப்படாதீர்கள். பிறந்த குழந்தை முதலில் போவது ஆழமில்லாத தூக்கத்துக்கு. இமைக்குள் விழி ஓடும், மூச்சு சீராக இருக்காது, முகம் சுளிக்கும், உதடு உறிஞ்சுவது போல அசையும். அந்த நேரத்தில் தொட்டால் எழுந்துவிடும். ஆனால் தூக்கத்தில் வரும் அந்தக் கணநேரச் சிரிப்பு இந்த நிலையில்தான் வருகிறது. ஆகவே கேமராவை முகத்தில் நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டு காத்திருங்கள். முதலில் வாயின் ஒரு ஓரம் மட்டும் லேசாக இழுக்கும், சட்டென்று விட்டுவிடும். பிறகு இரண்டு ஓரமும் ஏறும். முதல் இழுப்பைப் பார்த்ததுமே தொடராக எடுக்க ஆரம்பித்துவிட வேண்டும், சிரிப்பு தெரிந்தபிறகு அழுத்தினால் தாமதம். இருபது நிமிடம்போல ஆனதும் மூச்சு சீராகும். கையை லேசாகத் தூக்கிவிட்டால் துவண்டு விழும். துணியைச் சரிசெய்வது, விரலைக் கன்னத்தடியில் வைப்பது எல்லாம் அப்போதுதான்.

விழித்திருக்கும் பச்சைக் குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அப்பாலிருந்து நீங்கள் கிலுகிலுப்பையை ஆட்டினால் அது பார்க்காது. அம்மாவோ அப்பாவோ முகத்தை அந்தத் தூரத்தில் வைத்து மெதுவாகப் பேசட்டும். பால் குடித்து முடித்து, அழாமல், கண்ணை அகலத் திறந்து உற்றுப் பார்க்கும் சில நிமிடங்கள் வரும். பக்கவாட்டிலிருந்து இரண்டு முகங்களையும் சேர்த்து எடுங்கள். எனக்குத் தெரிந்து பெற்றோர் பல வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கும் படம் இதுதான், கூடைக்குள் வைத்து எடுத்தது இல்லை.

முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்னால் விழித்திருக்கும் குழந்தையிடம் சிரிப்பை எதிர்பார்த்து நச்சரிக்க வேண்டாம். கழுத்து நிற்க நாலு மாதம் ஆகும். கழுத்து நின்றபிறகு குப்புறப் போட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். அதற்குக் கொஞ்ச நேரம்தான் தெம்பு இருக்கும், தலை ஆட ஆரம்பித்தால் நிமிர்த்திப் போட்டுவிட வேண்டும். கேமரா தரையில் தயாராக இருந்தபிறகே குப்புறப் போடச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தை ஒட்டிப் பிடிமானம் இல்லாமல் உட்காரத் தொடங்கும். உட்காரத் தெரியும், நகரத் தெரியாது. படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனால் புதிய முகத்தையும் கேமராவையும் கண்டதும் குழந்தை சிரிக்காது, முறைத்துப் பார்க்கும். புருவம் லேசாக நெரிந்து, வாய் பாதி திறந்து, கண் இமைக்காமல் ஆராயும். பெற்றோர் இதைப் பார்த்து "இன்னைக்கு மூடு சரியில்லை" என்பார்கள். தப்பு. அதுவே அருமையான படம். முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள், சிரிப்பு அப்புறம் வரும்.

சிரிப்பை வரவழைக்க ஒரே ஒருவர் போதும். நாலு பேர் நாலு பக்கமிருந்து கைதட்டிக் கூப்பிட்டால் குழந்தையின் கண் அலைபாயும், கொஞ்ச நேரத்தில் சிணுங்கல் வந்துவிடும். அந்த ஒருவர் உங்கள் லென்ஸுக்கு நேர் மேலே தலையை வைத்துக்கொள்ளட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடுவதைச் சேமித்து வையுங்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அது வெறும் சத்தமாகிவிடும், குழந்தை திரும்பாது. எல்லோரும் அமைதியாக இருந்து திடீரென்று ஒரு கிசுகிசுப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று திரும்பிப் பார்க்கும். முகத்தைத் துணியால் மறைத்து "பே" என்று திறக்கும் விளையாட்டும் இந்த வயதில் தவறவே தவறாது. எல்லோரும் துணி திறக்கும்போது அழுத்துவார்கள். இரண்டு மூன்று முறை விளையாடியபிறகு குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். அப்போது துணி திறப்பதற்குச் சற்று முன்னால் அதன் முகத்தைப் பாருங்கள். மூச்சைப் பிடித்து, கண் விரிந்து, வாயோரம் துடித்துக்கொண்டிருக்கும். சிரிப்பைவிட அந்த எதிர்பார்ப்பு எனக்குப் பிடிக்கும்.

எட்டு ஒன்பது மாதத்தில் பல குழந்தைகள் வேற்றுமுகம் பார்க்கும். நேற்றுவரை யாரிடமும் போன குழந்தை உங்களைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கும். வந்தவுடன் கேமராவைத் தூக்காதீர்கள், குழந்தையை நேராகவும் பார்க்காதீர்கள். தரையில் உட்கார்ந்து அதன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருங்கள். கேமராவைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆர்வத்தில் அதுவே உங்களிடம் வரும். அதற்குள் எடுக்க வேண்டியிருந்தால் அம்மா மடியில் வைத்தே எடுங்கள். அம்மாவின் தோளும் கையும் மட்டும் தெரிய, குழந்தையின் முகத்தில் ஃபோகஸ் வைத்தால் அது தனிப்படமாகவே நிற்கும்.

நடக்க ஆரம்பித்தபிறகு விளையாட்டின் விதியே மாறிவிடுகிறது. "சிரி" என்று சொன்னால் பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. "இங்கே பார்" என்றால் ஓடிவிடும். இந்த வயதில் வேலை கொடுக்க வேண்டும். ஒரு கிண்ணமும் கொஞ்சம் பந்துகளும் போதும், வாயில் போட்டு விழுங்க முடியாத அளவு பெரிய பந்துகள். ஜன்னலுக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்து, பந்தை அதில் போடச் சொல்லுங்கள். குனிந்து போடும்போது உச்சந்தலைதான் தெரியும், அப்போது எடுக்காதீர்கள். போட்டு முடித்ததும் நிமிர்ந்து, தான் நம்பும் ஆளின் முகத்தைப் பார்க்கும், 'போட்டுட்டேன் பார்த்தியா' என்று கேட்பது போல. அந்த ஆள் உங்கள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் குழந்தையின் பார்வை நேராக உங்கள் லென்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வாய்ப்பு. எங்கே நிமிரும், எவ்வளவு உயரத்துக்கு முகம் வரும் என்பது முன்பே தெரிவதால் படத்தின் சட்டகமும் ஃபோகஸும் தயாராக இருக்கும்.

வெளியே எடுப்பதானால் கட்டடத்தின் நிழலோ பெரிய மரத்தின் நிழலோ முடிகிற ஓரத்தில், திறந்த வானத்தைப் பார்த்தபடி குழந்தையை விடுங்கள். இலை இடுக்கில் வெயில் புள்ளி விழும் இடம் வேண்டாம், முகம் திட்டுத்திட்டாக வரும். ஓடும் படம் வேண்டுமென்றால் உங்களுக்குப் பின்னால் அப்பா கையை விரித்து உட்காரட்டும். குழந்தை அவரை நோக்கி ஓடிவரும், நீங்கள் நடுவில் படுத்திருப்பீர்கள்.

எந்த வயதானாலும், தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பிறகான நேரத்தில் எடுங்கள். பத்து நிமிடம் எடுத்தால் அதே அளவு ஓய்வு கொடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது எல்லாம் அழுகைக்கு முந்தைய அறிகுறிகள். அங்கேயே நிறுத்துங்கள். அழுதபிறகு கண் சிவந்து, மூக்கு ஒழுகி, அன்றைய வேலை முடிந்துவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். மேசை, மெத்தை, கூடை என எதில் வைத்தாலும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் குழந்தையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறந்த குழந்தை தாடையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரே படம் இல்லை. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கையைப் பிடித்திருப்பார், இரண்டையும் கணினியில் சேர்த்துப் பிடித்த கைகளை அழித்திருப்பார்கள். இது தெரியாமல் குழந்தையை அப்படி வளைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணாடிப் பாத்திரத்தில் வைப்பது, துணியில் கட்டித் தொங்கவிடுவது, இறுக்கமான தலைப்பட்டி, பிய்ந்து வரும் பொத்தான் எதுவும் வேண்டாம். வெற்று உடம்போடு எடுப்பதானால் அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும். சளி இருமல் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.

பயிற்சி என்றால் எண்ணிக்கை மட்டும் இல்லை. எடுத்து முடித்ததும் கெட்டுப்போன படங்களை உடனே அழித்துவிடாமல் பெரிய திரையில் ஒன்றொன்றாகப் பாருங்கள். எல்லாமே மங்கல் என்றால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவரும் விரிப்பும் கூர்மை, குழந்தையின் கை மட்டும் இழுபட்டிருக்கிறது என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. காது கூர்மை, கண் மங்கல் என்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது, அல்லது அபெர்ச்சரை அதிகம் திறந்திருக்கிறீர்கள். எல்லாம் கூர்மை, ஆனால் முகபாவம் போய்விட்டது என்றால் அழுத்தியது தாமதம். ஒவ்வொரு படத்துக்கும் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். அடுத்த முறை அதிகம் விழுந்த காரணத்தை மட்டும் திருத்துங்கள். ஒரே குழந்தையை வாராவாரம், ஒரே ஜன்னலில் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். புதுப்புதுக் குழந்தைகளை எடுப்பதைவிட அதில் வேகமாகக் கற்கலாம், ஒளி மாறாததால் உங்கள் தவறு எது என்று தெளிவாகத் தெரியும்.

படங்களைத் திருத்தும்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது: சீக்கிரத்தில் தானாக மறையப்போவதை நீக்கலாம், குழந்தையோடு வளரப்போவதைத் தொடக் கூடாது. சின்னப் பருக்கள், நகக்கீறல், தோல் உரிவது எல்லாம் போகட்டும். மச்சம் இருக்கட்டும். பிறந்த குழந்தையின் தோலில் மஞ்சளோ சிவப்போ தூக்கலாக இருந்தால் அந்த நிறத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். தோலை மழமழவென்று ஆக்கினால் குழந்தை பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். படத்தை வெளியே எங்கும் போடுவதற்கு முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள், குளியல் படங்களைக் கேட்கவே வேண்டாம், போடாதீர்கள்.

லென்ஸ் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன அந்தக் காரணப் பட்டியலைச் சில வாரம் எழுதிவிட்டு முடிவெடுங்கள். ஐஎஸ்ஓவை ஏற்றியும் ஷட்டர் வேகம் போதவில்லை என்பதே அதிகம் இருந்தால், 18-55 போன்ற ஜூம் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் உங்களுக்குப் பற்றவில்லை என்று அர்த்தம். முழு ஃபிரேம் கேமராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.8, ஏபிஎஸ்-சி கேமராவுக்கு (சென்சார் அதைவிடச் சிறிய வகை) 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள், 50 மி.மீ. எஃப் 1.8 பெரும்பாலும் விலை குறைந்த லென்ஸ்களில்தான் இருக்கும். 85 மி.மீ. அழகான லென்ஸ், ஆனால் அதில் உருவம் பெரிதாகத் தெரிவதால் தள்ளி நின்று எடுக்க வேண்டும், வீட்டு அறைக்குள் பின்னால் போக இடம் இருக்காது, குழந்தைக்குக் கை எட்டாத தூரத்துக்கும் போய்விடுவீர்கள். பட்டியலில் முகபாவம் தவறியதும் ஒளி தவறியதும்தான் அதிகம் என்றால் இப்போது இருக்கும் லென்ஸே போதும், ஜன்னலையும் பொம்மையையும் வைத்துப் பயிற்சியைத் தொடருங்கள்.